படிக்கட்டை ஏற்றிக்கொண்டு போன லாரி

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

தம்பி ஆர்லன் வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் பனியில் வழுக்கி விழாமல் சௌக்கியமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். விழுந்தாலும் எங்கள் முதியோர் இல்லத்துக்கு மட்டும் வந்துவிடாதீர்கள்.

நான் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்று அத்தான் கேட்டாராமே. அக்கா, சத்தியமாகத் தெரியவில்லை. வேலை இந்த இல்லத்தில், சம்பளம் இல்லத்துக்கு என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளை அனுப்பும் ஒப்பந்தக் கம்பெனியில். வெள்ளிக்கிழமை பச்சைச் சட்டையோடு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வந்தால் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குக் கைமாறிவிட்டதாம், என்னையும் சேர்த்துத்தான். ஒரு சிவப்புச் சட்டையைக் கொடுத்தார்கள், அது தொப்புள் வரைதான் வருகிறது. சட்டை கிடக்கட்டும், பயிற்சி அறைக்குள் போனால் அறையே காலி! பழைய கம்பெனிக்காரர்கள் தங்கள் சாமான் என்று எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிடித்து நடக்கும் கம்பி இல்லை, ஏறிப் பழகும் மரப் படிக்கட்டு இல்லை, ரப்பர் பந்துகூட இல்லை. நடுவில் சக்கர நாற்காலியில் வெர்னா அம்மாள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏம்ப்பா, சட்டைய மாத்தினது சரி. என் படிக்கட்டு எங்க?"

இடுப்பெலும்பு முறிந்து வந்தவர். அவர் வீட்டு வாசலில் ஐந்து படி. சனிக்கிழமை படியேறிக் காட்டினால் வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அம்மாவை இங்கேயே சேர்த்துவிடுவேன் என்று மகன் டுவெய்ன் சொல்லிவிட்டான். எங்கள் கட்டிடமோ ஒற்றைத் தளம். ஏறுவதற்கு மருந்துக்குக்கூட ஒரு படி கிடையாது.

இல்லத்து நிர்வாகியிடம் ஓடினேன். "நீங்க எங்க ஆளே இல்லையே சார், உங்க கம்பெனிகிட்ட கேளுங்க" என்றார். புதிய கம்பெனிக்குப் போன் செய்தால், "உங்க பேரு இன்னும் கம்ப்யூட்டர்ல ஏறலையே, நீங்க யாரு?" பழைய கம்பெனிப் பெண், "நீங்கதான் போய்ட்டீங்களே சார்!" என்றாள், செத்தவனிடம் பேசுவது மாதிரி. யாருக்கும் நான் ஆள் இல்லை என்றால் என்னை யார் தடுப்பது என்று வெர்னா அம்மாளை எதிரே இருக்கும் லூத்தரன் சர்ச்சுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே அழகான கல் படிகள். தினமும் பயிற்சி. புதன்கிழமை போனால் யாரோ ஒருவருடைய அடக்க ஆராதனை! விழாமலிருக்க வெர்னா அம்மாள் இடுப்பில் கட்டிய பட்டையை நான் பின்னாலிருந்து பிடித்திருக்க, கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் பாய்ந்து வந்தார்.

"விடுய்யா அந்த அம்மாவ! துக்கத்துல இருக்காங்க, இழுக்கிறியே!"

உள்ளே துக்கச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். "சொல்றேன், முதல்ல அந்த ஹாம் கறித் தட்ட இப்படித் தள்ளு" என்றார் வெர்னா அம்மாள். எனக்கு மானம் போயிற்று. அதற்குள் என் பெயர் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது போலிருக்கிறது, புதிய மேலாளர் போனில் கூப்பிட்டு, "ரோட்டைக் கடக்கிற நேரமெல்லாம் தெரபியில சேராது சார்" என்றார். நான் யார் என்று கேட்டவர்கள், நான் எங்கே என்று மட்டும் எப்படிக் கண்டுபிடித்தார்களோ!

சனிக்கிழமை டுவெய்ன் கையைக் கட்டிக்கொண்டு சர்ச் வாசலில் நின்றான். வெர்னா அம்மாள் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி, மேலே நின்று மூச்சு வாங்கினார். "டேய், வீட்டுச் சாவியக் குடு." அவன் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தான். அக்கா, நான் அழுதேவிட்டேன். அத்தானிடம் சொல்: கம்பெனி எதுவென்று தெரியாவிட்டாலும் வேலை தெரிந்தவன் உன் தம்பி.

உங்கள் இருவர் கால்களும் உறுதியாக இருக்கட்டும்.

அன்புத் தம்பி,
ஆர்லன்

பி.கு.: உறையை ஒட்டும்போது டுவெய்ன் போன் செய்தான். டாக்டரிடம் போகக் கூப்பிட்டால் அம்மா வீட்டு வாசலில் நின்றுகொண்டு, படி இறங்கத் தெரியாது என்கிறாராம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரம் முழுக்க ஏறியது முன்படியில், இறங்கியது பக்கவாட்டுச் சரிவில், நாற்காலியில். இறங்கச் சொல்லிக்கொடுக்கவே இல்லை, அக்கா! போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

"நீ ஏம்ப்பா அழற? சரிவு வழியா போலாம்னு தினமும் சொன்னது நான்தானே? இறங்கத் தெரிஞ்சா மறுபடியும் உன்கிட்டயே கொண்டுவந்து விட்ருவானே!"