வஜ்ரகீரன் மீது கண்டனத் தீர்மானம்

இலக்கிய விமரிசனம் என்னும் அரிய கலை கிரேக்கத்தில் பிறந்தது, பிரான்சில் வளர்ந்தது என்று பேராசிரியர்கள் எழுதி வருகிறார்கள். பாவம், அவர்கள் பழவேற்காடு பஸ்ஸில் ஏறியதில்லை. ஏறி வந்து ஏரிக்கரை வலைக்கொட்டகைக்குள் எட்டிப் பார்த்திருந்தால், அந்தக் கலை லுங்கி கட்டிக்கொண்டு பீடி பிடித்தபடி உட்கார்ந்திருப்பதைக் கண்டு கும்பிட்டிருப்பார்கள். அதன் பெயர் நீலமேகம்.

நீலமேகம் ஏரியில் இறால் பிடிப்பவர். 'ஏழு நிலவின் வாள்' என்ற மாயாஜால நாவல் வரிசையை நாடே படித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தது. மொத்தம் ஏழு பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். படகில் அவருக்குக் கூட்டாளியும் மனைவியின் தம்பியுமான முரளி முதல் பாகத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது, அவர் நாலு பக்கம் புரட்டிவிட்டுத் தம் முதல் மதிப்புரையை வழங்கினார்.

"இன்னாடா இது? குதிர பறக்குது, மீனு பேசுது, ராஜா மவன் நெருப்பத் திங்கறான். எழுதனவனுக்கு மண்டைல அடிகிடி பட்டுச்சா?"

"படிச்சுப் பாரு மாமா. சோக்கா இருக்கும்."

"மீனு பேசுனா மொதல்ல உன்னத்தான்டா திட்டும்."

அந்த வாரமே கெளுத்தி முள் குத்தி அவர் கால் பூசணிக்காயாய் வீங்கியது. நடக்க முடியாது. டிவி ரிமோட்டோ மனைவி தனக்கோடியின் பரிபூரண ஆட்சியில் இருந்தது. வேறு வழியின்றி இலக்கியத்தில் இறங்கினார். காலில் வீக்கம் வடிந்தபோது கருத்திலும் வடிந்திருந்தது.

"இது கதையில்லடா முரளி. வாழ்க்க!" என்றார், கண் கலங்க. பறக்கும் குதிரை விஷயத்தில் தம் முந்தைய நிலைப்பாடு 'மறுபரிசீலனை' செய்யப்பட்டதாகவும் அறிவித்தார்.

முதல் நடவடிக்கையாக, பெயின்டர் டேவிட்டைக் கூப்பிட்டுப் படகின் நெற்றியில் இருந்த 'தனக்கோடி' என்ற பெயரைச் சுரண்டச் சொன்னார். அந்த இடத்தில் கதாநாயகனின் பெயர், 'வஜ்ரகீரன்', தீப்பற்றி எரியும் எழுத்துகளில் ஏறியது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் பேருதான இருந்துச்சு. இப்ப இன்னா கொறஞ்சு பூச்சு?" என்று கேட்டாள் தனக்கோடி.

"உன் பேர்ல படகு போவும். வஜ்ரகீரன் பேர்ல வரலாறு போவும்."

"வரலாறு எங்கனா போவட்டும். சாயந்தரம் வூட்டுக்கு மீனு வருதா பாரு."

அவளுக்கு வருத்தம்தான். ஆனால் இலக்கியம் தனிநபர் வருத்தங்களுக்கு அப்பாற்பட்டது.

அடுத்து வாசகர் மன்றம் தோன்றியது. தலைவர் நீலமேகம், செயலாளர் முரளி. பொருளாளர் பதவி, பொருள் இல்லாத காரணத்தால், காலி. மூன்றாம் பாகத்தில் வஜ்ரகீரன் இருநூறு பக்கம் ஒரே மலையில் ஏறிக்கொண்டிருந்ததை முரளி 'இழுவை' என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டான். நான்காம் பாகத்தில் நாயகன் போர்க்களத்திலிருந்து ஓடினான். அது ஓட்டமல்ல, 'பின்பக்கமாக முன்னேறும் வியூகம்' என்று மன்றம் ஏகமனதாக விளக்கமளித்தது.

இப்போது ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறால் சேரும் நல்ல இடம் எல்லோருக்கும் பொது என்பதால், சீட்டுக் குலுக்கிப் படகுகளுக்கு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். காலையில் ஊர்த் தலைவர் சின்னப்பன் கரையில் நின்று, அன்றைய படகின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். படகுக்குச் சொந்தக்காரன் குரல் கொடுத்தால் வலை எடுத்துப் போகலாம். கொடுக்காவிட்டால் அடுத்த படகு. விட்ட பாடு முறை சுற்றி வரும்வரை கிடைக்காது.

மழை பெய்து, முகத்துவாரம் திறந்து, இறால் கொழுத்துத் திரிந்த அந்த வாரத்தில் நீலமேகத்தின் சீட்டு விழுந்தது. தனக்கோடி பூரித்துப்போனாள். ஒழுகும் கூரைக்குத் தகரம் போட அவள் நம்பியிருந்தது இந்தப் பாடு ஒன்றைத்தான்.

பாடு விழுந்த நாள் காலை. முரளி வலையைத் தோளில் போட்டுத் தயாராக நின்றான். நீலமேகம் படகில் சாய்ந்து, புத்தம்புது ஐந்தாம் பாகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பியவர் "அடப்பாவி!" என்று அலறினார். கோட்டை வாசலில் வஜ்ரகீரனின் காவல் முறை. எதிரி முரசு கொட்டி வருகிறான். இவனோ ஒரு பழைய சுவடியைப் படித்தபடி உட்கார்ந்திருக்கிறான். நகரம் விழுந்தது.

சரியாக அந்த நேரத்தில் சின்னப்பன் கூப்பிட்டார். "வஜ்ரகீரன்!"

நீலமேகம் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"வஜ்ரகீரன்! யோவ் நீலமேகம், உன் மூஞ்சிக்கு நேராதான கத்தறேன்?"

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல தலைவரே."

"படகு நிக்குதேய்யா!"

"படகு நிக்குது. பேரு செத்துப் பூச்சு. அந்தத் துரோகி பேருக்கு நான் குரல் குடுக்க மாட்டேன்."

"மாமா, உன் கால்ல வேணா வுழறேன்," என்று முரளி கெஞ்சினான். "இறாலுக்குப் படிக்கத் தெரியாது மாமா!"

"நமக்குத் தெரியுமேடா."

மூன்றாம் முறையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சின்னப்பன் அடுத்த படகான 'செல்லியம்மனை' அழைத்தார். அது கூடை கூடையாக இறாலோடு திரும்பியபோது, வலைக்கொட்டகையில் மன்றத்தின் அவசரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. செயலாளர் முரளி கூலிக்கு 'செல்லியம்மன்' வலை இழுக்கப் போய்விட்டதால், அவையில் இருந்தவர் டேவிட் மட்டுமே. அவரும் படகின் பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

தலைவர் செந்தமிழில் முழங்கினார். "முறை தன்னுடையது என்று தெரிந்தும், கூப்பிடும் குரல் காதில் விழுந்தும், நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவில் நிற்க, புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தான் ஒருவன்! அவனை வன்மையாகக் கண்டிக்கிறோம்!"

டேவிட் பிரஷ்ஷை உயர்த்தினார். "எல்லாம் சரிண்ணே, புதுசா இன்னா பேரு எழுதட்டும்?"

கூரை ஒழுகலுக்கு வைத்திருந்த குண்டானோடு வாசலில் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள் தனக்கோடி.

"இப்ப சொன்னாரே, அந்த ஆளு பேரையே எழுது டேவிட்டு," என்றாள். "நீலமேகம்னு. எழுத்து நல்லா பெருசா இருக்கட்டும்."