செவ்வொளிச் சித்தரின் கையெழுத்து

கிருத்திகை அன்று திருத்தணிக்கு வரும் கூட்டத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ் படியில் தொற்றிக்கொண்டு வரும், மலையேறும், மொட்டை போடும், காவடி எடுக்கும், இறங்கி வந்து ஊர் போய்ச் சேரும். மூன்று மாதமாக இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. இது மலைப்பக்கம் திரும்பியும் பார்க்காது. பைபாஸ் ரோட்டோரக் கல்யாண மண்டபத்துக்குள் நேராக நுழைந்துவிடும். உள்ளே போகிறவர்களில் பாதிப் பேர் முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருப்பார்கள். மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள்.

மண்டப வாசலில் ஒரு பேனர். "முகப்பருவா? வீட்டிலேயே விரட்டலாம்! செவ்வொளிச் சித்தர் கிரிதர் அருளும் செவ்வொளிப் பெட்டி!" பேனரில் சித்தர் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னம் புது எவர்சில்வர் குடம் மாதிரி பளபளவென்று இருந்தது. அது சித்தரின் அருள் இல்லை, பேனர் அடித்த கடைக்காரரின் அருள்.

சித்தர் மேடைக்கு வருவார். சிவப்புப் பட்டு வேட்டி, சிவப்புத் துண்டு, நெற்றி முழுக்கச் சிவப்பு. மைக்கைப் பிடித்ததும் கேட்பார்.

"முருகன் நெறம் இன்னா?"

"செகப்பு!" என்று கூட்டம் கத்தும்.

"பரு நெறம் இன்னா?"

"செகப்பு!"

"அப்ப செகப்ப எத வச்சு எடுக்கணும்?"

கூட்டம் கொஞ்சம் யோசிக்கப் பார்க்கும். யோசிக்க விட்டால் தொழில் கெட்டுவிடும் என்பது சித்தருக்குத் தெரியும். பதிலையும் அவரே சொல்லிவிடுவார். "செகப்ப வச்சுதாங்க எடுக்கணும்! சூரன் கூட சண்ட போட்ட முருகனோட கோவமே தணிஞ்ச ஊரு இது. உங்க மூஞ்சில கீற ஒரு பரு தணியாதா?"

இந்த நியாயப்படி பார்த்தால் மஞ்சள் காமாலைக்கு மஞ்சள் பல்பு போட்டால் போதும், ஆஸ்பத்திரியை எல்லாம் இழுத்துப் பூட்டிவிடலாம். ஆனால் கைதட்டுகிற நேரத்தில் இதையெல்லாம் யார் கேட்பார்கள்?

அப்புறம்தான் அதிசயம். மண்டபத்து விளக்கை எல்லாம் அணைத்துவிடுவார்கள். பருவோடு ஒரு பெண்ணை மேடையில் உட்காரவைத்து, டிபன் கேரியர் அளவு பெட்டி ஒன்றை எதிரில் வைத்துச் சுவிட்சைத் தட்டுவார்கள். குபீரென்று சிவப்பு வெளிச்சம். கண்ணாடியைக் கையில் கொடுப்பார்கள். அந்தப் பெண் பார்ப்பாள். பரு இருக்காது! மாசு மறு இல்லாத கன்னம்! அவள் அழுவாள், அவள் அம்மா அழுவாள், முன்வரிசையில் சம்பந்தமில்லாத நாலு பேர் அழுவார்கள். சித்தரின் உதவியாளர் ஸ்வர்ணா மைக்கை வாங்கி, "ஏழு வருசத்துக்கு முன்னாடி என் மூஞ்சி பலாப்பழம்ங்க. இப்ப பாருங்க!" என்பார். அதையும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நின்றுதான் சொல்வார்.

விளக்கைப் போட்டால் பரு திரும்ப வந்து நிற்கும். அதற்கும் சித்தரிடம் பதில் இருந்தது. "ஒரு தபா காட்டுனதுக்கே ஓடிப் போய் ஒளிஞ்சிகினு எட்டிப் பாக்குது. நாப்பத்தெட்டு நாள் காட்டுனா ஊர விட்டே ஓடிடும்!"

நாற்பத்தெட்டு நாளுக்கு விதிகள் உண்டு. வெயில் படக் கூடாது. களிம்பு, மருந்து கூடாது. சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை பெட்டி எரியும்போது வீட்டில் வேறு விளக்கு எரியக் கூடாது. மிக முக்கியமாக, கண்ணாடியைப் பெட்டி வெளிச்சத்தில் மட்டும்தான் பார்க்க வேண்டும். வேறு வெளிச்சத்தில் யார் பார்த்தாலும் பலன் போச்சு.

இந்தப் பெட்டி ஒன்றைத்தான் அம்மையார்குப்பம் ஜம்புலிங்கம் போன கிருத்திகைக்கு வாங்கிக்கொண்டு போனார்.

ஜம்புலிங்கம் வீட்டில் விசைத்தறி இரண்டு ஓடுகிறது. நூல் விஷயத்தில் அவரை ஏமாற்ற இன்னும் ஒருவன் பிறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவியே நூலின் தரத்தைச் சொல்லிவிடுவார். மற்ற எல்லா விஷயத்திலும் அவரை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம், வரிசையில் நின்றால் போதும்.

அவருக்கு ஒரே மகள் பானுப்ரியா, பி.காம். இரண்டாம் வருடம். முகத்தில் நாலைந்து பரு. பஸ்ஸில் எவனோ ஒரு வாயாடி, "இன்னாம்மே, மூஞ்சில கல்யாண முருங்க செகப்பா பூத்துக்கினு கீது" என்று சொல்லிவைக்க, பெண் வீட்டுக்கு வந்து தலையணையில் முகம் புதைத்து அழுதாள். அவள் அழுததை ஜம்புலிங்கத்தால் தாங்க முடியவில்லை. அதுதான் அவர் செய்த எல்லாக் கூத்துக்கும் காரணம்.

இத்தனைக்கும் அவர் மனைவி ஹேமாவதி மகளை அரக்கோணத்துத் தோல் டாக்டரிடம் காட்டியிருந்தாள். டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் பொறுமையாகப் போடச் சொன்னார்கள். ஜம்புலிங்கம் பெட்டியோடு வந்தபோது ஹேமாவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் அந்த டாக்டரம்மாவையே கேட்டேன்யா. வெளிச்சம் காட்டி பாக்குற வைத்தியம் மெய்யாலுமே கீதாம். ஆனா அதுக்கு அளவு கீதாம், கண்ணுக்கு மூடி போடணுமாம், எல்லாருக்கும் கேக்காதாம், கேட்டாலும் மெதுவாதான் கேக்குமாம். சந்தைல விக்கிற பல்ப வாங்கிகினு வராதீங்கன்னாங்க. நீ அத்தயே வாங்கிகினு வந்து நிக்கிற!"

"டாக்டருக்கு மூணு மாசம். சாமிக்கு நாப்பத்தெட்டு நாள். எது கம்மி?" என்றார் ஜம்புலிங்கம். கணக்கில் அவர் தப்பே செய்யவில்லை.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. ஜன்னலுக்கெல்லாம் பழைய புடவை கட்டியாயிற்று. களிம்பு அலமாரி மேலே போயிற்று. பகல் வெளிச்சத்தில் யாரும் பானுப்ரியா முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் ஹேமாவதி கண்ணை மூடிக்கொண்டு சோறு கொண்டுபோய் வைத்தாள். ஒருநாள் சாம்பாரை மகள் மடியிலேயே வைத்தாள். சாயங்காலம் ஆறானால் பானுப்ரியா பெட்டி முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்ப்பாள். "நைனா, சுத்தமா போய்க்கினு கீது நைனா!" என்பாள். ஜம்புலிங்கத்துக்குக் கண் கலங்கும்.

வெயில் படக் கூடாது என்றால் காலேஜுக்கு எப்படிப் போவது? போகவில்லை. இருபத்திரண்டாம் நாள் காலேஜிலிருந்து போன் வந்தது. இன்னும் ஆறு நாள் வராவிட்டால் வருகைப் பதிவு குறைந்துவிடும், பரீட்சை எழுத விடமாட்டோம் என்றார்கள். ஹேமாவதி கையைப் பிசைந்தாள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் பானுப்ரியாதான்.

"பொண்ணு படிப்பு போச்சின்னா உன்ன சும்மா வுடமாட்டேன், பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்தத் தப்பு நடந்தது. ஜம்புலிங்கத்தின் வீட்டில் கூடமும் தறிக்கூடமும் ஒன்றுதான். ஆறு மணிக்கு டியூப் லைட்டை அணைத்துப் பெட்டியைப் போட்டார்கள். தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு வெள்ளை, கரை சிவப்பு என்று ஒரு புடவை. தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் வெள்ளை நூல் தீர்ந்ததும் பக்கத்துக் கூடையிலிருந்து நூல் சுற்றிய குச்சி ஒன்றை எடுத்துப் போட்டு ஓட்டினார் ஜம்புலிங்கம். வெள்ளைதான் போட்டோம் என்று சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தார்.

காலையில் பார்த்தால் வெள்ளைப் புடவையின் நட்டநடுவே இரண்டு முழத்துக்கு ரோஜா நிறம்!

முப்பது வருடம் தறியோடு வாழ்ந்த மனுஷன். சிவப்பு நூலை வெள்ளை என்று போட்டிருக்கிறார். கண் போய்விட்டதோ என்று முதலில் பயந்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைப் போட்டு, இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளையும் சிவப்பாகிவிடுகிறது, சிவப்பும் சிவப்பாகவே இருக்கிறது. அப்புறம் எது எது என்று எப்படித் தெரியும்? கன்னத்தில் இருக்கும் சிவப்புப் பரு மட்டும் எப்படித் தெரியும்?

சாமியார் சொன்னதை நம்பிய ஜம்புலிங்கத்தால் நூல் சொன்னதை நம்பாமல் இருக்க முடியவில்லை.

மகளிடம் ஓடினார். "கண்ணு, அது மறைக்குது கண்ணு, போக்கல. ஜன்னல தெறந்து பாரு."

பானுப்ரியா துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். "பகல்ல பாத்தா பலன் பூடும்னு நீதான நைனா சொன்ன? எத்தன நாள் உள்ளயே கெடந்தேன், எல்லாம் வீணா பூடும். உனக்கு நூலுதான் தெரியும்."

அத்தனையும் ஜம்புலிங்கம் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஹேமாவதி சொன்னாள்: "நீதான் மாட்டி வுட்ட. நீயே கழட்டு."

நாலு நாள் போய் அடுத்த கிருத்திகை வந்தது. சித்தரிடம் போகலாம் என்றதும் பானுப்ரியா சந்தோஷமாகக் கிளம்பினாள். ஜம்புலிங்கத்தின் சட்டைப் பையில் ஒரு வெள்ளைத் தாள் மடித்து இருந்தது. ஹேமாவதி மண்டபத்தில் நுழைந்ததும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள், சுவிட்ச் போர்டுக்குக் கீழே.

இருபத்தேழு நாள் விரதம் இருந்த பெண் என்றதும் சித்தர் குளிர்ந்துபோனார். மேடையில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, பெட்டியைப் போட்டார். பானுப்ரியா துப்பட்டாவை எடுத்தாள். வழுவழு கன்னம். மண்டபம் அதிர்ந்தது.

ஜம்புலிங்கம் மேடையேறி ஒரு பெரிய கும்பிடு போட்டார். "சாமி, ஒரே ஒரு ஆசை. இந்தப் பேப்பர்ல 'இது சத்தியம்'னு எழுதி ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தீங்கன்னா, பிரேம் போட்டு மாட்டிக்குவேன்."

சித்தர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"மேல எதனா எழுதிக்கீதா சாமி?" என்று பணிவாகக் கேட்டார் ஜம்புலிங்கம்.

"ஒண்ணும் இல்லியேப்பா. வெள்ளப் பேப்பரு" என்றார் சித்தர், மைக்கிலேயே. ஜம்புலிங்கம் நீட்டிய கறுப்புப் பேனாவை வாங்கி, 'இது சத்தியம்' என்று எழுதி, செவ்வொளிச் சித்தர் கிரிதர் என்று வால் நீட்டிக் கையெழுத்தும் போட்டார். போட்டோ எடுத்தார்கள். சிரித்தார்.

"ஹேமா, போடு!" என்றார் ஜம்புலிங்கம்.

அத்தனை டியூப் லைட்டும் எரிந்தது. தாளை மகள் கையில் கொடுத்தார். "படி கண்ணு. மைக்ல படி."

வெள்ளைத் தாளாக இருந்ததில் இப்போது கையெழுத்துக்கு மேலே சிவப்புப் பேனாவால் கொட்டை கொட்டையாக எழுத்து. பானுப்ரியா படித்தாள்.

"'இது வெறும் சிவப்பு பல்பு. இந்த வெளிச்சத்தில் சிவப்பு எதுவும் தெரியாது. பரு போகவில்லை. என் பொய்யை நம்பி ஒரு பிள்ளை காலேஜுக்குப் போகாமல்...'" அங்கே நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள். பிறகு முடித்தாள். "'...வீட்டில் கிடக்கிறது. இது சத்தியம். செவ்வொளிச் சித்தர் கிரிதர்.'"

"சூனியம்!" என்று அலறினார் சித்தர். "பேப்பர்ல எவனோ சூனியம் வச்சிட்டான்!"

பானுப்ரியா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா, அணை" என்றாள். எழுத்து போயிற்று. "போடு." வந்தது. "அணை." போயிற்று. முன்வரிசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பிறகு அவள் டியூப் லைட் வெளிச்சத்தில், முன்னூறு பேர் பார்க்க, கண்ணாடியைத் தூக்கி முகத்தைப் பார்த்தாள். நாலைந்தாக இருந்த பரு பதினொன்றாகி இருந்தது.

அழுவாள் என்று ஜம்புலிங்கம் பயந்தார். அவள் அழவில்லை. பூஜைத் தட்டிலிருந்த குங்குமத்தில் விரலைத் தொட்டாள். சித்தர் சுதாரிப்பதற்குள் பேனரில் எவர்சில்வராக மின்னிய அந்தக் கன்னத்தில் பொட்டுப் பொட்டாகப் பதினொன்று வைத்தாள். சித்தர் முகம் அம்மை போட்ட மாதிரி ஆயிற்று.

"அம்மா, அணை!"

சிவப்பு வெளிச்சத்தில் சித்தர் முகம் சுத்தமாக இருந்தது.

"சாமிக்கு கொணமாயிடுச்சுங்கோ!" என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான். மண்டபம் சிரிப்பில் இடிந்தது. ஸ்வர்ணா மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, "நான் சம்பளத்துக்கு வந்தவங்க, எனக்கு ஒண்ணியும் தெரியாது" என்று நழுவினார். கூட்டத்தில் ஒருவர் பெட்டியை உடைத்துப் பார்த்து, "அட, கோயில் திருவிழாவுக்குக் கட்டுற சீரியல் செட்டு பல்புப்பா! இவன் அரக்கோணத்துல மைக் செட்டு வாடகைக்கு வுட்டுக்கினு இருந்த கிரியில்ல?" என்றார். இனி மரியாதைக்கான 'ர்' விகுதி வேண்டாம். சமையற்கட்டு வழியாக ஓடியவன், குங்குமத்தைத் துடைக்காமலே சித்தூர் போகும் பஸ்ஸில் ஏறினான். கண்டக்டர் அவன் பக்கத்தில் யாரையும் உட்கார விடவில்லையாம், அம்மை ஒட்டிக்கொள்ளும் என்று.

வெளியே ஒரு பெரியவர் ஜம்புலிங்கத்தை ஓரமாக இழுத்தார். "அவன் திருட்டுப் பய, வுடு. பச்ச லைட்டு பொட்டி ஒண்ணு வந்துக்கீதாமே, அது எப்பிடி?"

ஜம்புலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை பஸ்ஸில் பானுப்ரியா முகத்தை மூடாமல் காலேஜுக்குப் போனாள். காலேஜ் கொடுத்த கெடுவில் ஒரே ஒரு நாள் மிச்சம் இருக்க வருகைப் பதிவு தப்பியது, பரீட்சையும் தப்பியது. களிம்பு அலமாரி மேலிருந்து இறங்கியது. பரு போய்விட்டதா என்று கேட்காதீர்கள். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்தான். அதற்குள் அதே மண்டபத்தில் வேறு நிறத்தில் ஒரு பேனர் கட்டாயம் வந்துவிடும். போகிறவர்கள் போங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் எவனாவது எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு என்னை மட்டும் பார் என்றால், அவன் அணைக்கச் சொல்வது டியூப் லைட்டை இல்லை, உங்கள் மூளையை. அந்த ஒரு சுவிட்சையாவது உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.