பச்சை லைட்டுக்காரரின் துருப்பிடிக்காத ஜீப்

போன சனிக்கிழமை காலை சரியாகப் பத்து இருபதுக்கு என் நிம்மதி போனது. நாமக்கல்லில் விடுதியில் தங்கி பிளஸ் டூ படிக்கும் என் மகள் மலையடிவாரத்திலிருந்து போன் செய்தாள். கொல்லிமலை பஸ் போய்விட்டதாம். "கவலப்படாதம்மா, நம்ம பச்ச லைட்டு மாமா ஜீப் நிக்குது. அதுல ஏறிட்டேன்" என்றாள். நான் "இறங்கு" என்று சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

நான் பயந்ததற்குக் காரணம் அவர் ஓட்டும் விதம் அல்ல. எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவரைவிட நிதானமாக ஓட்டுகிறவர் கிடையாது. நடந்து போகிறவர்கள் அவர் ஜீப்பை முந்துவதுண்டு. ஆனால் துருவின் மீது தன்னந்தனியாகப் போர் தொடுத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் அவர்தான். அந்தப் போரில் துரு ஜெயித்துக்கொண்டிருந்தது. அதுதான் காரணம்.

அவர் கொல்லிமலையில் தேவனூர் நாடு என்னும் பகுதியில் மிளகும் பலாவும் வைத்திருக்கும் விவசாயி. என் வயதுதான் இருக்கும். சேலத்தில் ஏதோ பொருட்காட்சிக்குப் போனவர் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியோடு திரும்பினார். பேட்டரியிலிருந்து பெட்டிக்கு ஒரு ஒயர், பெட்டியிலிருந்து ஜீப்பின் தகரத்துக்கு இரண்டு ஒயர். வண்டி உடம்பு முழுக்க லேசாக மின்சாரம் ஓடுமாம். துரு பக்கத்திலேயே வராதாம். பெட்டியின் மேல் குட்டியாக ஒரு பச்சை லைட். யார் என்ன சந்தேகம் கேட்டாலும் பானெட்டைத் திறந்து அதைக் காட்டுவார். "எரியுதுங்கல்ல?" என்பார். அத்தோடு விவாதம் முடிந்தது. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் மிஞ்சியது.

பெட்டி வைத்த இரண்டாம் மாதமே கதவடியில் புதிதாகத் துரு பூத்தது. மலைமேல் எங்கள் ஊரான செம்மேட்டு டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அவர் மட்டும் அம்மை இறங்கிய பிள்ளையைப் பார்க்கிற மாதிரி திருப்தியோடு பார்த்தார். "உள்ள இருந்த பழைய துருவுங்க. பொட்டி வெளிய தள்ளுது" என்றார்.

நேர்மையான மனிதர், சோதனைக்கு அஞ்சமாட்டார். டீக்கடைக்காரர் சவால் விட்டதும் ஒரே பொட்டலத்திலிருந்து இரண்டு ஆணிகளை எடுத்தார். ஒன்றை ஜீப்பின் பம்பரில் கட்டினார், மற்றதைக் கடைக் கூரையில் தொங்கவிட்டார். அப்போது மலையில் நல்ல மழை. பத்தாம் நாள் இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன. தீர்ப்புக்காகக் கடையே டீயைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தது. அவர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் புரட்டினார். "கடை ஆணி சட்டுனு துருப்புடிச்சிருக்குது. என்ற ஆணி யோசிச்சு யோசிச்சுத்தான் புடிச்சிருக்குது" என்றார்.

இந்த அளவில் நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான்தான் சும்மா இருக்காமல் காரியத்தைக் கெடுத்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கே வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் படித்தது வேதியியல். ஒருநாள் பரிசோதனைக்கு மண் கொண்டுவந்த பச்சை லைட்டுக்காரரை உட்காரவைத்து விளக்கினேன். இந்த வித்தை கப்பலுக்குச் சரி. கப்பல் கடல் தண்ணீரில் மூழ்கியிருக்கிறது, மின்சாரம் சுற்றிவர அந்தத் தண்ணீர் வழிவிடுகிறது. மண்ணில் புதைத்த குழாய்க்கும் சரி. காற்றில் நிற்கும் ஜீப்புக்கு வழி ஏது? பெட்டி சும்மா லைட் எரித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். கடைசியில் முகம் மலர்ந்தது. ஒரு மனிதரை அறிவியலுக்குக் கொண்டுவந்துவிட்ட பெருமையில் அன்று நான் இரண்டு காபி குடித்தேன்.

அவருக்கு விளங்கியது வேறு. பெட்டியில் குறை இல்லை; ஜீப் கடலில் இல்லை என்பதுதான் குறை. மறுநாளிலிருந்து குடத்தில் கல்லுப்பைக் கரைத்து ஜீப்பை உள்ளும் புறமும் குளிப்பாட்டத் தொடங்கினார். வெயில் ஏறினால் காய்ந்துவிடுமே என்று ஈரச்சாக்கு போட்டு மூடினார். செய்தி காதுக்கு எட்டியதும் ஓடிப்போய்ச் சொன்னேன், உப்புத் தண்ணீர் தகரத்தைத் தின்றுவிடும் என்று. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது பொட்டி இல்லாத வண்டிக்குங்க அம்மிணி. நீங்க சொல்லித்தானுங்க எனக்கே வெளங்குச்சு." டீக்கடையில் என்னை அந்தக் கண்டுபிடிப்பின் பங்குதாரர் என்றே எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

ஐந்து மாதம் அப்படி ஊறிய ஜீப்பில்தான் என் மகள் மலையேறிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டுக்குள் வந்திருக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு நான் செம்மேடு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். இரண்டு பேர் போனும் கிடைக்கவில்லை. இரண்டு மணி பஸ் வந்ததும் டிரைவரிடம் கேட்டேன். "நாப்பத்தோராவது வளைவுல நிக்குதுங்க ஜீப்பு. ஆளுக யாருமில்லீங்க" என்றார். இறங்கி டீக்கடைப் பக்கம் போனவர், விட்டுப்போனதைச் சொல்வதற்காகத் திரும்பி வந்தார். "அடித்தகரம் மட்டும் தனியா ரோட்டுல கெடக்குதுங்க."

டீக்கடைக்காரர் எனக்குக் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேனாம். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: இருபத்தைந்து வருடமாக மறந்திருந்த வேதியியல் சமன்பாடுகள் எல்லாம், இரும்பும் உப்பும் தண்ணீரும், ஒரு பிழையில்லாமல் வரிசையாக மண்டைக்குள் வந்தன. பரீட்சையில் அப்படி வந்திருந்தால் தங்கப் பதக்கம் வாங்கியிருப்பேன். டீக்கடைக்காரர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு என்னைக் கீழே கூட்டிப்போக பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டு பத்துக்கு, சந்தையில் பலா இறக்கிவிட்டு காலியாகத் திரும்பிய டெம்போ ஒன்று வந்து நின்றது. முன்னாலிருந்து மகள் இறங்கினாள். காலில் பெரிய ஆண்செருப்பு, தப் தப் என்று அடித்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

வளைவில் திரும்பும்போது காலடித் தகரம் முறுக்கு மாதிரி நொறுங்கியதாம். முதலில் பை ஓட்டை வழியாக விழுந்து சரிவில் உருண்டது, பிறகு செருப்பு. இவள் காலைச் சீட்டின்மேல் தூக்கிக்கொண்டாள். மாமா உடனே பிரேக் போட்டார். ஜீப் பக்கத்திலேயே நிற்கக்கூடாது என்று தன் செருப்பை இவளுக்கு மாட்டிவிட்டு, அடுத்த வளைவில் பாறைக்குப் பின்னால் நிழலுக்கு நடத்திக்கொண்டுபோய் உட்காரவைத்தார். வழி நெடுக இவளை மலைப்பக்கம் விட்டு, பள்ளத்துப் பக்கம் அவரே நடந்தாராம். அப்புறம் திரும்பிப் போய், சரிவில் சிதறிய புத்தகங்களைப் பொறுக்க இறங்கினார். "வேண்டாம் மாமான்னு எத்தனை தடவ கத்தினேன் தெரியுமாம்மா? 'பரிச்ச இருக்குதல்ல கண்ணு'ன்னுட்டுப் போயிட்டாரு. பஸ் போனப்பவும் அவரு கீழதான் இருந்தாரு, விட்டுட்டு எப்டிம்மா ஏறுவேன்?"

டெம்போவின் பின்பக்கத்திலிருந்து அவர் கடைசியாக இறங்கினார். வெறுங்கால். முழங்காலெல்லாம் முள் கீறியிருந்தது. துண்டில் மூட்டையாகக் கட்டியிருந்த புத்தகங்களை என் கையில் கொடுத்தார். அவரை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று இரண்டு மணி நேரமாக மனதுக்குள் எழுதி, திருத்தி, மனப்பாடமே செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பொட்டி வேல செய்யலீங்க அம்மிணி. நீங்க சொன்னதுதானுங்க செரி."

உப்பு பத்தவில்லை என்றாவது அந்த மனிதர் என்னோடு ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.