சம்சாரம் வீட்ல இருக்காங்க

"சம்சாரம் இருக்காங்களா சார்?" என்று கேட்ட விசா ஏஜென்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் அடுத்த கட்டத்துக்குத் தாவ விரலைத் தயாராக வைத்திருந்தான்.

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கண்டக்டர் பிழைத்திருப்பார். ரிடையராகிப் பல வருஷமானாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். காலமெல்லாம் பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்திய மனிதர். ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்கு வராது. மனைவி போய் ஒரு வருஷமாகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம்கூட மற்றவர்கள்தான் பேசினார்கள். விஷயம் தெரியாமல் யாராவது நலம் கேட்டால் "ம், இருக்கா" என்று சொல்லி வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

"வீட்ல இருக்காங்க" என்றார்.

ஏஜென்ட் முகத்தில் பல்பு எரிந்தது.

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க சார். வாடகை வீடு, வேலை கிடையாது, ஒரே பொண்ணு, அதுவும் வெளிநாட்லயே இருக்கு. போனவர் திரும்பி வருவாரான்னுதான் விசா ஆபீஸ்காரங்களுக்கு முதல் சந்தேகமே. சம்சாரத்தை இங்க விட்டுட்டுப் போறவர் வந்துதானே ஆகணும்? அவங்கதான் சார் உங்க துருப்புச் சீட்டு!"

கண்டக்டர் பேச்சை மாற்றினார். "வேற விசா ஏதும் இல்லையா தம்பி?"

"ஏன் இல்லாம? படிக்கப் போக ஒண்ணு, வேலைக்கு ஒண்ணு, வைத்தியத்துக்கு ஒண்ணு. ஏர்போர்ட்ல பிளேன் மாறி உக்காரக்கூட ஒண்ணு இருக்கு. நீங்க காலேஜ்ல சேரப் போறீங்களா?"

"பொண்ணுக்குப் பிரசவம்பா. தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேலை, அவர் நடுக்கடல்ல இருக்கார். தனியாக் கெடக்குது."

"அப்போ விசிட் விசாதான். ஒண்ணும் பயப்படாதீங்க. ஒரே விஷயம், பொய் மட்டும் சொல்லிடக் கூடாது. தெரிஞ்சா ஆயுசுக்கும் உள்ளே விடமாட்டாங்க. போன மாசம் ஒருத்தர் அப்படித்தான் மாட்டினார்."

அன்று மாலையே திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கண்டக்டர் கிளம்பினார். ஏஜென்ட் ஆபீஸ் படியேறும்போதே மகள் போனில் கூப்பிட்டாள். "கிடைச்சிடுமாப்பா? ராத்திரியானா பயமா இருக்கு. நீங்களாவது வந்துடுங்கப்பா." அந்த 'நீங்களாவது' அவரை அப்படியே இறக்கிவிட்டது. துருப்புச் சீட்டைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு படி இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஏஜென்ட்டே கூப்பிட்டான்.

"சார், ராத்திரி பூரா யோசிச்சேன். பிரசவத்துக்கு அம்மா போகாம அப்பா ஏன் போறார்? கேப்பாங்களே!"

"அவளுக்கு... முழங்கால் வலி."

"பிரமாதம்! டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிடுங்க."

இல்லாதவளின் முழங்காலை எந்த டாக்டரிடம் காட்டுவது? தன் முழங்காலைத்தான் காட்டினார். பேச்சுவாக்கில் மனைவி பெயரில் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். டாக்டரோ படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பதறிப் போனார். "இந்த மூட்டை வச்சுக்கிட்டா நடமாடுறீங்க? மாடிப்படி ஏறவே கூடாது!" என்று இவர் பெயரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். கல்லு மாதிரி போன மனிதர் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

ஏஜென்ட் தலையில் கைவைத்துக்கொண்டான். "வம்பை வெலைக்கு வாங்கிட்டு வந்திருக்கீங்களே சார்! நோயாளின்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ் அது இதுன்னு இழுப்பாங்க. இதை உள்ளே வைங்க, யார் கண்ணுலயும் காட்டாதீங்க. சரி, அம்மாவோட போன் நம்பர் சொல்லுங்க."

"அது எதுக்கு?"

"சந்தேகம் வந்தா கூப்பிட்டுப் பேசுவாங்க."

அந்த நம்பர் உயிரோடுதான் இருந்தது. மாதாமாதம் மறக்காமல் ரீசார்ஜ் செய்து, சார்ஜ் ஏற்றி, சட்டைப் பையில் தன் போனுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. நம்பரைச் சொன்னார்.

டிக்கெட் எடுக்காமல் ஏறினவனின் முழியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறவர் அவர். நேர்காணலன்று விசா ஆபீஸ் கண்ணாடிக் கதவில் தன் முழியைப் பார்த்தார். இந்த ஆளை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது.

கவுன்டருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட வெளிநாட்டு அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பெண்மணி. போனையெல்லாம் அவள் முன்னால் இருந்த தட்டில் போட வேண்டும் என்றார்கள். கண்டக்டர் ஒன்றைப் போட்டார். கொஞ்சம் தயங்கி இன்னொன்றையும் போட்டார்.

"ரெண்டு போனா?" என்றாள் அவள்.

"ஒண்ணு என்னுது" என்றார்.

அதிகாரி ஏதோ கேட்டார். அவள், "பிரசவத்துக்கு அம்மா ஏன் போகலைன்னு கேக்கறார்" என்றாள்.

"முழங்கால்" என்ற கண்டக்டரின் கை, அவரைக் கேட்காமலே பைக்குள் போய்ச் சர்ட்டிபிகேட்டை எடுத்து நீட்டிவிட்டது.

"இதுல உங்க பேருல்ல இருக்கு?"

"ரெண்டு பேருக்கும் முழங்கால்தாங்க."

"அப்போ நீங்க போயிட்டா அவங்களை யார் பாத்துக்குவா?"

"மாடி வீட்டு டீச்சர்."

"சமையல்?"

"அவளே பண்ணிப்பா."

"முழங்கால் வலியோடவா?"

"உக்காந்துக்கிட்டே பண்ணிப்பாங்க."

அதிகாரிக்குப் பொறுமை போனது தெரிந்தது. மனுவைப் புரட்டினார், ஒரு வரியில் விரலை வைத்தார், மேஜைப் போனை எடுத்து நம்பரை அழுத்தினார். கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

தட்டிலிருந்து அவர் குரலே எழுந்தது. "போலாம்... ரைட்! உள்ளே போங்க, உள்ளே போங்க, படியில நிக்காதீங்க!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. வரிசையில் நின்ற ஒருவர் பழக்கதோஷத்தில் ஓரடி முன்னால் நகர்ந்தார். என்றோ பஸ்ஸில் வரும்போது கண்டக்டருக்குத் தெரியாமல் பதிவு செய்து மனைவி வைத்துக்கொண்ட ரிங்டோன் அது. அவள் போன பிறகு இன்றுதான் அவர் காதில் விழுகிறது.

அந்தப் பெண் சட்டென்று போனை அணைத்தாள். கண்டக்டரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் திரும்பித் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அதிகாரி ரிசீவரை மெல்ல வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனாவை எடுத்து மனுவில் ஓரிடத்தில் அடித்து, வேறு ஏதோ எழுதினார்.

'தீர்ந்தது கதை. ஆயுசுக்கும் உள்ளே விடமாட்டான்' என்று கண்டக்டர் நினைத்தார். ஆனால் அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உங்க சம்சாரத்தைப் பத்திச் சொல்லச் சொல்றார்."

இது என்ன கேள்வி? மாட்டிவிடப் பார்க்கிறானோ? ஜாக்கிரதையாக ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகு ஜாக்கிரதை எங்கோ போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமையிலதாங்க எனக்கு எப்பவும் டூட்டி போடுவாங்க. வீட்ல இருக்கிற நாளே கிடையாது. அதனால அவ என் பஸ்லயே ஏறிடுவா. மூணாவது வரிசை, ஜன்னல் ஓரம். கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்து, அதே பஸ்லயே திரும்புவா. எங்கயும் இறங்க மாட்டா. கண்டக்டர் சம்சாரத்துக்கு எதுக்குடி டிக்கெட்டுன்னா கேக்க மாட்டா. காசை நீட்டி, 'ஒரு ஆள்'னு யாரோ மாதிரி சொல்லுவா. சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பா." அவர் நிறுத்தினார். "அவ்வளவுதாங்க. வேற ஒண்ணும் விசேஷமில்லை."

இவ்வளவு நீளமாகச் சொன்னதை அவள் நாலே வார்த்தையில் சொல்லிவிடுவாள் என்று நினைத்தார். அவள் வெகுநேரம் சொன்னாள்.

"திரும்பி வருவீங்களான்னு கேக்கறார்."

"வராம? வீட்ல அவ தனியா இருப்பாளே."

அதை அவள் உடனே மொழிபெயர்க்கவில்லை. சொன்னபோது அதிகாரி எழுந்து நின்று, கண்ணாடிச் சந்து வழியாகக் கையை நீட்டினார். விசா கொடுக்கிறவர் கைகுலுக்குவதும் வழக்கம் போலிருக்கிறது என்று கண்டக்டரும் குலுக்கினார். கிடைத்துவிட்டது என்றாள் அவள்.

வெளியே வந்து மகளைக் கூப்பிட்டார். "கிடைச்சிடுச்சும்மா!"

மகள் அழுதாள். "அம்மா மட்டும் இருந்திருந்தா..."

"சிக்னல் சரியில்லைம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் கிளம்ப மனசு வரவில்லை. பொய் சொல்லி விசா வாங்கியாயிற்று. காலத்துக்கும் ஓசிப் பயணியைப் பிடித்தவர் ஓசிப் பயணியாகிவிட்டார். போதாததற்கு மொழிபெயர்த்த அந்தப் பெண்ணையும் துணைக்கு இழுத்தாயிற்று. போனை அணைத்து என்ன கதை கட்டினாளோ, அவள் வேலைக்கே உலை வைத்துவிட்டோமே என்று உறுத்தியது. மதியம் சாப்பிட அவள் வெளியே வரும்வரை மரத்தடியில் நின்றார்.

"அம்மா, பெரிய உதவி பண்ணீங்க. முன்ன பின்ன தெரியாத ஒருத்தனுக்காக அவர்கிட்ட ஒரு பொய்யைச் சொல்லி..."

அவள் குறுக்கிட்டாள். "நான் எங்கங்கய்யா பொய் சொன்னேன்? இவரோட சம்சாரம் தவறிட்டாங்க, அதைச் சொல்ல இவருக்கு இன்னும் வாய் வரலைன்னுதான் சொன்னேன்."