ஏழு பாட்டில், ஒரே கிருமி

ஏழு ரிப்போர்ட்டிலும் ஒரே கிருமி. ஆமத்தூர் ரோட்டு முதியோர் இல்லத்தின் நர்ஸ் ஷாஹிதா ஏழு தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு சந்தேகப்பட்டாள். சந்தேகப்படுவது அவளுக்குக் கைவந்த கலை. பால்காரர் சிரித்தால்கூட, பாலில் எவ்வளவு தண்ணீர் என்றுதான் பார்ப்பாள்.

வினையை விலை கொடுத்து வாங்கியதும் அவள்தான். ஆண்கள் அறையில் இருந்த ஏழு பெரியவர்களில் ஒருவரான யாகூப் ஒருநாள் நீர்க்கடுப்பு என்றார். மோர் குடித்தார், சரியாகிவிட்டது. அதற்குள் ஷாஹிதா டாக்டர் விக்னேஷ்வரனிடம், "எதுக்கும் ஏழு பேருக்கும் யூரின் டெஸ்ட் எடுத்துப்புடுவோம் சார்" என்று சொல்லிவிட்டாள்.

புதிதாக வந்த டாக்டர், டெஸ்ட் இல்லாமல் ஆன்டிபயாடிக் எழுதமாட்டேன் என்று சபதம் செய்தவர். கிருமி தெரிந்ததும் எழுதிவிட்டார். யாருக்கும் காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை. ஆனாலும் ஏழு பேருக்கும் ஐந்து நாள் மாத்திரை.

மாத்திரை கிருமியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஏழு பேர், இரண்டு கக்கூஸ். மறு டெஸ்ட்டிலும் அதே கிருமி, ஏழு பேருக்கும்.

"மாத்திரைய முழுங்குறீகளா, துப்புறீகளா?" என்று தங்கச்சாமியை மடக்கினாள் ஷாஹிதா. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் போர்மேனாக இருந்தவர் அவர். இங்கேயும் அறைக்கு அவர்தான் போர்மேன்.

"துப்புனா வயிறு ஏன் தாயி இப்படிப் போவுது?"

"பாட்டிலாவது சுத்தமாப் பிடிச்சீகளா?"

"லேப் வேன் ஆரன் அடிச்ச அஞ்சாவது நிமிசம் ஏழு பாட்டிலும் தட்டுல இருந்துச்சா இல்லியா? வேன காக்க வச்சுப் பழக்கமில்ல எனக்கு. முடிச்சவன் முடியாதவனுக்குக் கை குடுத்து, எல்லாரும் ஒண்ணா எந்திரிக்கணும். அதுதான் கம்பெனி வழக்கம்."

அவரிடம் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த சந்தேகம் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தது. தொட்டித் தண்ணீர் முழுவதையும் திறந்து வெளியே விட்டாள். வயிறு சரியில்லாத ஏழு பேருக்கும் ஒரு நாள் முழுக்கக் கழுவத் தண்ணீர் இல்லாமல் போயிற்று.

பிறகு சமையற்காரி ராமுத்தாயிடம் போய், "நகத்தைக் காட்டு" என்றாள்.

"பதினாறு வருசமா இந்தக் கையாலதான் எல்லாரும் திங்கிறீக" என்ற ராமுத்தாய், கரண்டியை வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அன்று ஷாஹிதாவே கஞ்சி வைத்தாள். அதை வாயில் வைத்தவர்கள் மாத்திரையே தேவலை என்றார்கள்.

டாக்டர் வீரியம் கூடிய மாத்திரை எழுதினார். வாயெல்லாம் புண். யாகூப் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நான் நல்லாத்தானே இருந்தேன்?"

லேப்பில்தான் கோளாறு என்று முடிவு கட்டிய ஷாஹிதா, மூன்றாவது டெஸ்ட்டைச் சிவகாசியில் வேறொரு லேப்பில் கொடுத்தாள். அந்த வேனும் வந்து ஹாரன் அடித்தது. ஐந்தே நிமிடத்தில் ஏழு பாட்டிலும் போயின.

அதே கிருமி.

டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தார். பிறகு ஷாஹிதாவைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பால்காரரைப் பார்க்கும் பார்வை.

"சிஸ்டர், மாத்திரைய உண்மையிலேயே குடுத்தீங்களா?"

"அல்லாமேல சத்தியமாக் குடுத்தேன் சார். நானே வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தேன்."

"அப்படின்னா எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி இது. ஏழு பேரும் இன்னைக்கே விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், இனி ஊசிதான். இந்த அறையைப் பூட்டுங்க. சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு நான் எழுதிப் போடுறேன். விசாரணைக்கு வருவாங்க."

விசாரணை என்றால் முதலில் போவது தன் வேலைதான் என்று அவளுக்குத் தெரியும். அதைவிட, புண் வாயோடு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த யாகூப்பைப் பார்க்கத்தான் முடியவில்லை. வாசலில் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது. தங்கச்சாமி பழக்க தோஷத்தில் துள்ளி எழுந்தார்.

கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் பெத்தணன், போகாமல் தலையைச் சொறிந்துகொண்டு டாக்டர் முன்னால் வந்து நின்றான்.

"என்னப்பா?"

"இல்லய்யா, பெருசுகளுக்கு ஆரன் அடிச்சா வர்றதும் நின்னுபோவுதேன்னு, தங்கச்சாமி அண்ணாச்சி கேட்டுக்கிட்டதுக்காக மூணு தடவையும் ஏழு பாட்டிலையும் நான்தான் ரொப்பிக் குடுத்தேன், ரெண்டு மாசமா எரிச்சல் தாங்கல, எனக்கும் ஒரு மாத்திரை குடுத்தாத்தான் என்னய்யா?"