கட்டக் கங்காணியின் இஸ்தோப்பு

ஹட்டன் பஜாரில் ஒரு வெங்காயக் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு உலகத்தையே கட்டம் கட்டியவர் எங்கள் கூட்டாளி. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி மாதிரி கட்டங்களை வேலை வாங்கியதால் அவருக்குப் பட்டப்பெயர் கட்டக் கங்காணி. இணையத்தில் எந்த அட்டவணையைக் காட்டினாலும் சரி, அவர் செய்யாததாக இருந்தால் அதில் குறை கண்டுபிடித்துவிடுவார். அவர் செய்ததென்றால் குறையே இருக்காது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். அவரும் நானுமாகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் நாலுபேர் சேர்ந்து அந்த மாடியில் இணையப் பக்கங்கள் செய்துகொடுத்தோம். எந்தப் பக்கத்திலும் எடுத்துப் பொருத்திக்கொள்ளும்படி அட்டவணை போடும் ஒரு மென்பொருள் தொகுப்பை எழுதிக்கொண்டிருந்தார் அவர். அந்தப் பைத்தியம் வெளியிலும் விடாது. என் தங்கை கல்யாணத்தில் பந்தி நிரம்பியதும் வாசலை மறித்து, "மத்தவங்க எல்லாம் அடுத்த பக்கத்துல வாங்க!" என்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கோபித்துக்கொண்டு போய் வேனில் ஏறிவிட்டார்.

தொகுப்புக்குள்ளேயும் அவர் ராஜ்ஜியம்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும், தோட்டத்து லய வீடுகளில் அறைக்குச் சொல்கிற மாதிரி, காம்பரா என்று பெயர். அட்டவணையில் புதிதாக ஒரு நிரல், அதாவது மேலிருந்து கீழாக ஒரு கட்டவரிசை, சேர்க்கிற பகுதிக்கு இஸ்தோப்பு.

கொழும்புக் கம்பெனி ஒன்று அதை வாங்க வந்தது. வாங்கினால் எங்கள் மாடி பிழைக்கும். இல்லாவிட்டால் நாலுபேரும் பெட்டி கட்டிக்கொண்டு கொழும்புக் கடைகளில் நிற்க வேண்டியதுதான். வந்த தலைமைப் பொறியியலாளர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, சாமான் நல்லாத்தான் கிடக்கு. இதென்ன இஸ்தோப்பு? பெயரை மாத்தினாத்தான் எடுப்பம்."

நாங்கள் மூவரும் பின்னாலிருந்து கங்காணியின் சட்டையைப் பிடித்து இழுத்தோம். மனுஷன் அசையவில்லை.

"மாத்த மாட்டேங்க. வேற என்னா செய்யணும், சொல்லுங்க."

"அப்ப இதில இன்னொரு நிரல் கூட்டிக் காட்டும் பாப்பம். எங்கட பெடியளுக்கு ஒரு கிழமை போகும்."

பொறியியலாளருக்கு வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் நிரல் வந்து நின்றது. மற்றக் கட்டங்களில் ஒன்றுகூட நகரவில்லை.

"எப்படி?"

"லயத்துல மகனுக்குக் கல்யாணம்னா காம்பராவ இடிக்கிறோமாங்க? முன்னுக்கு இருக்கிற திண்ணைய, அந்த இஸ்தோப்ப, அடைச்சு ரூமாக்கிக்கிறோம். கூரையில கை வைக்கிறதில்ல. அதத்தாங்க இதுலயும் செஞ்சேன். வேற பேரு வச்சா பொய்யாயிரும்."

பொறியியலாளர் தானே மவுஸைப் பிடித்து அந்த நிரலை ஒருமுறை நகர்த்திப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"சரி, பெயர் கிடக்கட்டும்."

அன்று எனக்கு வந்த பெருமையில் மாடிப்படியில் கால் பாவவில்லை. கங்காணியோ கீழே போய், வெங்காய மூட்டைகளை வரிசையாக அடுக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. போன வாரம் கொழும்பில் கம்பியூட்டர் வேலை பார்க்கும் என் மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, ஒரு பழைய வெப்சைட்ட திருத்துறோம். உள்ளுக்கு இஸ்தோப்புன்னு ஒண்ணு இருக்கு. இங்க யாருக்கும் என்னான்னு தெரியல. தூக்கினா அட்டவணையே விழுந்துருது. என்ன செய்றது?"

அன்று கொழும்புக்கு விற்ற எங்கள் தொகுப்புத்தான் அது.

"தூக்கிறாதம்மா," என்றேன். "அதுல நம்ம ஆளு குடியிருக்காரு."