காய்ச்சல் வராத கெண்டை

இன்றைக்கும் மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முரளீதரனுக்கு அழுகையே வந்தது.

மாகறல் சாலையில் இருந்த ஆராய்ச்சிக் கொட்டகையில் தொட்டி நிறைய ஜிலேபிக் கெண்டை. அவற்றின் உடம்பில் ஒரு கிருமியை அவனே ஏற்றியிருந்தான். குளிர்ந்த நீரில் அது சாதுவாகக் கிடக்கும். நீர் சூடானால்தான் மீனைப் படுக்கவைக்கும். அந்தக் கிருமியை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற ஆப்டமர் என்ற டி.என்.ஏ. இழையும் அவனிடம் தயார். நோயில் விழுந்த மீனில் அது ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டால், மூட்டை கட்டிக்கொண்டு புனேயில் இருக்கும் மனைவி, மகளிடம் போய்விடலாம். சின்ன காஞ்சிபுரத்தில் அத்தனை பெரிய வீட்டில் ஒற்றை ஆளாகப் படுத்து எழுவது கொடுமையாக இருந்தது.

"ஃபிஷ்ஷுக்கு ஃபீவர் வந்துடுத்தாப்பா?" என்று எஸ்.டி.டி. பூத் போனில் ரக்ஷா கேட்பாள். இப்போதெல்லாம் அம்மா எடுத்துக்கொடுத்தால்தான் கேட்கிறாள்.

ஹீட்டரைச் சந்தேகப்பட்டுப் புதியது வாங்கினான். காலையில் ஏறிய சூடு மத்தியானம் இறங்கிவிட்டது. இரண்டாவதையும் செருகினான், ஃபியூஸ் போய்த் தொட்டி இன்னும் குளிர்ந்தது. வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து தொட்டிக்குப் போர்த்திவிட்டு, மார்கழிப் பனியில் வெறுமனே படுத்ததில் காய்ச்சல் அவனுக்கு வந்தது. மீன்கள் கொழுகொழுவென்று துள்ளின. மேலதிகாரியிடம் முறையிட்டான். அப்படியானால் கோடை வரை இருந்து பாருங்கள் என்று அவர் தாராளமாகச் சொல்லிவிட்டார்.

காவலாளி வீரபாகு மட்டும்தான் துணை. தினமும் மத்தியானம் முரளீதரன் பெருமாள் கோயிலுக்குப் போய் வாங்கி வரும் இட்லியை இருவரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். முரளீதரன் ரக்ஷாவைப் பற்றியே பேசுவான். தனக்கு இங்கே யாருமே இல்லை என்று அந்த மனிதரிடமே குறைபட்டுக்கொள்வான். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்பார்.

அன்று இட்லி சீக்கிரம் கிடைத்துவிட்டது. முன்னதாகவே திரும்பினான். உள்ளே வீரபாகு ஹீட்டர் ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தொட்டித் தண்ணீரை மொண்டு கொட்டி, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க வீரபாகு?" முரளீதரன் தொட்டியருகே ஓடினான். "இதுக்காகத்தானே நான் தனியாக் கிடந்து அல்லாடறேன்?"

வீரபாகு வாளியைக் கீழே வைத்தார். ஒயர்களைப் பழையபடி செருகினார். பிறகு வழக்கம்போல இரண்டு இலைகளைத் துடைத்துப் போட்டார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"மீனுக்கு நோவு வந்தா ஊருக்குப் பூடுவேன்னு சொன்னீங்களே சார். அப்பால நான் யாருகூட குந்தி சாப்புடறது?"